மனைவியோடு நுவரெலியாவுக்கு: அறை பதியும் முன் கேட்க வேண்டியவை

கத்தாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பொடியன்கள் வட்ஸ்அப்பில் அடிக்கடி அனுப்பும் வீடியோக்களில் ஒன்று துருக்கியில் இருக்கும் உசுன்கோல். சுற்றிவர மலை, நடுவில் ஏரி, ஏரிக்கரையில் இரட்டை மினாராக்களோடு ஒரு பள்ளிவாசல். வளைகுடா நாட்டுக் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக அங்கே போகின்றன. நாங்களும் பார்த்துவிட்டு "மாஷா அல்லாஹ்" என்று எழுதிவிட்டுப் போனை வைத்துவிடுகிறோம். மலையும் ஏரியும் குளிரும் பள்ளிவாசலும் ஒன்றாக இருக்கிற ஊர் எங்களுக்கும் ஒரு நாள் பஸ் பயணத்தில் இருக்கிறது. அதன் பெயர் நுவரெலியா. அங்கே நாங்கள் போகாமலும் இல்லை. ஆனால் எப்படிப் போகிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் மூதூரைச் சேர்ந்தவன். சம்பூரில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் மஹல்லாவில் கணவன் மனைவி பிணக்குகள் காதி நீதிமன்றம் வரை போகாமல் பேசித் தீர்க்கும் சபையிலும் சில வருடங்களாக இருக்கிறேன். அங்கே வருகிற பிரச்சினைகளில் அடி உதையும் போதையும் இருக்கின்றன; அவை வேறு விடயம். ஆனால் கணிசமான குடும்பங்களில் பெரிய குற்றம் எதுவும் இருக்காது. இருவருக்கும் இடையில் பேச்சு வற்றிப் போயிருக்கும், அவ்வளவுதான். ஒரு சகோதரி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "கலியாணம் முடிச்சு ஒன்பது வருஷம் சேர். இவரோட தனிய ஒரு நாள் இருந்ததில்ல." கணவர் பக்கத்தில் தலை குனிந்து இருந்தார். ஒன்பது வருடத்தில் ஆறு வருடம் அவர் வெளிநாட்டில். மிச்ச மூன்று வருடமும் வீடு நிறைய ஆட்கள்.

எங்கள் பகுதியில் 'ட்ரிப்' என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வேன். அதில் வாப்பா, உம்மா, மாமி, ராத்தாவின் பிள்ளைகள், மச்சான் குடும்பம், கடைசி நேரத்தில் ஏறிய இரண்டு பேர். பெண்கள் இரவு ஒரு மணிக்கே எழும்பி சோறு சமைத்து, கோழி பொரித்து, சஹனும் கெட்டிலும் பாயும் கட்டி ஏற்றுவார்கள். ஹபரணையில் இறக்கிப் பரிமாறுவார்கள். கண்டியில் பிள்ளைக்கு உடுப்பு மாற்றுவார்கள். நுவரெலியாவில் மூன்று மணித்தியாலம். அதில் ஒன்றரை மணித்தியாலம் தொலைந்த செருப்பைத் தேடுவதில் போகும். ஆண்கள் ஏரிக்கரையில் நின்று படம் எடுப்பார்கள், பெண்கள் வேனுக்குள் பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் சட்டிபானை கழுவுவதும் அவர்கள்தான். குடும்பத்தோடு போகும் பயணத்தை நான் குறை சொல்லவில்லை. இனபந்துக்களைச் சேர்த்து நடப்பது இபாதத். ஆனால் அது மனைவிக்கு ஓய்வு அல்ல, இடம் மாறிய சமையலறை.

எங்கள் மண்ணுக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பயணம் என்ற சொல்லே இங்கே வேறு மாதிரித்தான் பழகியது. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கந்தளாய்க்குப் போனோம். சம்பூர்த் தமிழ் மக்கள் அதே ஆண்டு வெளியேறி முகாம்களில் கிடந்தார்கள். அவர்களுடைய காணிகள் 2015இலும் 2016இலும்தான் திரும்பக் கிடைத்தன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்து, பிறகு மற்றப் பாலங்களும் முடியும் வரை, திருகோணமலைக்குப் போவதே எங்களுக்குக் கொட்டியாரக் குடாவைக் கடக்கும் லோஞ்ச்தான். ஆகவே எங்கள் தலைமுறையில் பலர் வீட்டை விட்டு இரவு தங்கியது முகாமிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டுந்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அபாயா போட்ட மனைவியோடு தெரியாத ஊரில் அறை கேட்கவே கூச்சப்பட்ட காலம் ஒன்றும் வந்தது. ஒருவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரப் போகிறேன் என்றால் ஊர் ஆச்சரியப்படுவதில் ஆச்சரியமில்லை.

"சேர், நானும் அவவும் மட்டும் போனா ஆக்கள் என்ன கதைப்பாங்க?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் ஸீறாவைத்தான் சொல்வேன். நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி ஒருவரை அழைத்துச் செல்வார்கள். இரவு நேரத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் ஒட்டகத்தோடு சேர்ந்து போய் அவர்களோடு பேசிக்கொண்டே பயணம் செய்வார்கள் என்பது புகாரியில் இருக்கிறது. ஒரு பயணத்தில் இருவரும் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், ஆயிஷா (ரழி) முந்தினார்கள். பின்னொரு காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்திவிட்டு, அன்றைக்கு இது சரி என்று சொன்னது அபூதாவூதில் வருகிறது. இன்னொரு பயணத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் மாலை ஒன்று தொலைந்தது. அதைத் தேடுவதற்காக முழுப் படையும் தண்ணீர் இல்லாத இடத்தில் நின்றது. அபூபக்ர் (ரழி) மகளைக் கடிந்துகொண்டார்கள். நபியவர்கள் ஒரு வார்த்தை கடிந்ததாக இல்லை. அந்த இடத்தில்தான் தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது. ஒரு பெண்ணின் மாலைக்காகப் பயணம் நின்றதால் இந்த உம்மத்துக்கே ஒரு சலுகை கிடைத்தது. எங்கள் வேன்களில் மனைவி "ஒருக்கா நிப்பாட்டச் சொல்லுங்க" என்றால் வருகிற முகச்சுளிப்பையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'ஹனிமூன்' என்பது மேற்கத்தியச் சொல், ஆகவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். சொல் அவர்களுடையதாக இருக்கட்டும். மனைவியோடு பயணம் போவது அவர்களிடமிருந்து வந்ததல்ல. கூடாதவை வேறு இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

முதலாவது காசு. ஹலால் பயணம் என்றதும் எல்லோரும் கோழியைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அந்தக் கோழியை வாங்கிய காசைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மனைவியின் நகையை வட்டிக்கு அடகு வைத்துப் போன பயணத்தில் ஹலால் முத்திரை குத்திய கோழி சாப்பிட்டு என்ன? நுண்கடன் கம்பனியிடம் எடுத்துப் போவதும் அதேதான். அதைவிடக் கேவலமான ஒரு வழக்கம் இப்போது கிழக்கில் தலைகாட்டுகிறது. வீடு, வளவு, நகை எல்லாம் பெண் வீட்டில் வாங்கியது போதாதென்று, கலியாணத்துக்கு அடுத்த கிழமை நுவரெலியா ஹோட்டல் செலவையும் பெண்ணின் காக்காமாரிடம் கேட்கிறார்கள். மனைவியை அவளுடைய சகோதரன் செலவில் ஊர் சுற்றிக் காட்டுவதில் என்ன ஆண்மை இருக்கிறது? காசில்லாவிட்டால் பொறுங்கள். ஒரு நாளைக்கு 200 ரூபா ஒதுக்கினால் வருடத்தில் 73,000 ரூபா. இருவர் பஸ்ஸில் போய், நடுத்தரமான அறையில் இரண்டு இரவு தங்கி, சாப்பிட்டு வர அது தாராளம். கலியாணம் முடித்த கிழமையே போக வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. பத்து வருடம் கழித்துப் போகிறவர்களுக்குத்தான் அது இன்னும் தேவை.

இரண்டாவது திகதி. எங்கள் ஆண்கள் வேன் கிடைக்கிற நாளைப் பார்த்துத் திகதி வைப்பார்கள். மனைவியிடம் கேட்டு வையுங்கள். அவளுடைய மாதவிடாய் நாட்களைக் கணக்கில் எடுக்காமல் திகதி வைத்துவிட்டு, அங்கே போய் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்த கணவரின் கதையும் எங்கள் சபைக்கு வந்திருக்கிறது. இதைப் பேச வெட்கப்படத் தேவையில்லை, மார்க்கம் வெட்கப்படவில்லை.

காலநிலையைப் பொறுத்தவரை நுவரெலியாவில் மழை குறைந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பெரும்போக அறுவடை முடிந்து வயல்காரர் கையில் காசு இருப்பதும் அதையொட்டித்தான். ஆனால் 2026இலும் 2027இலும் ரமழான் பெப்ரவரியில் தொடங்குகிறது. ஆகவே ஜனவரிக் கடைசி, அல்லது நோன்புப் பெருநாள் முடிந்து மார்ச் கடைசிக்குள் போய் வருவது நல்லது. ஏப்ரலைத் தவிருங்கள். ஏப்ரல் அங்கே 'சீசன்'. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, இரவிரவாக இசை நிகழ்ச்சி, வீதியில் குடித்துவிட்டு ஆடும் கூட்டம். அறை வாடகையும் பல மடங்கு. அமைதி தேடிப் போகிற கணவன் மனைவிக்கு அங்கே அந்த மாதத்தில் வேலையில்லை. ஜனவரியில் போனால் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும், அதிகாலையில் புல்லில் உறைபனி விழுகிற நாட்களும் உண்டு. சிலருக்கு அதைப் பார்ப்பதே ஒரு சந்தோசம்.

இனி அறை. இங்கேதான் நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பதில்லை. அறைக்குப் போன் பண்ணினால் "ஏசி இருக்கா" என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் ஏசி எதற்கு? கேட்க வேண்டியது சுடுதண்ணீர். அதையும் சரியாகக் கேட்க வேண்டும். "சுடுதண்ணி இருக்கா?" என்றால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "காலை நாலரை மணிக்கு வருமா?" என்று கேளுங்கள். சில இடங்களில் கூரையில் இருக்கும் சூரிய ஒளி ஹீட்டர்தான். நாள் முழுக்க மூடுபனி கிடந்தால் அதிகாலையில் குழாயில் வருவது ஐஸ் தண்ணீர். சில இடங்களில் பொயிலரை முகாமையாளர் ஆறு மணிக்குத்தான் போடுவார். கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கு ஸுபஹுக்கு முன் குளிப்பு கடமையாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது, நீங்கள் விளக்கவும் தேவையில்லை. அறைக்குள்ளேயே தனி மின்சார ஹீட்டர் உள்ள அறை என்று கேட்டு எடுங்கள். ஒரு கெட்டிலும் இருந்தால் நல்லது. குளிருக்குப் பயந்து ஸுபஹ் களாவாகுமானால் அந்தப் பயணத்தை ஹலால் என்று சொல்வது எப்படி? தண்ணீரைச் சூடாக்க வழி இருக்கும்போது குளிரைச் சாட்டித் தயம்மும் செய்யவும் முடியாது.

வுழூவுக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. எங்கள் கடற்கரை ஊர்களில் தேவைப்படாததால் பலருக்கு மறந்துவிட்டது. குஃப் எனும் தோல் காலுறை. முழுச் சுத்தத்தோடு, அதாவது கால் கழுவி வுழூ செய்த பிறகு அதை அணிந்துகொண்டால், பிறகு வுழூ செய்யும்போது காலைக் கழுவாமல் அதன் மேல் ஈரக் கையால் தடவினால் போதும். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. அணிந்த பிறகு முதன்முதலாக வுழூ முறிந்த நேரத்திலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும். கரண்டைக் காலை மூடியிருக்க வேண்டும், குளிப்புக் கடமையானால் கழற்ற வேண்டும். வழமையான மெல்லிய துணிக் காலுறைக்கு ஷாபிஈ மத்ஹபில் இந்தச் சலுகை இல்லை. கொழும்பில், ஹஜ் உம்ராச் சாமான் விற்கிற கடைகளில் தேடிப் பாருங்கள். இருவருக்கும் ஒவ்வொரு சோடி.

கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, கடதாசி மட்டுமா என்பதும் கேட்க வேண்டியது. முஸ்லிம் பயணிகளின் தேவைகளை வகுத்து உலகளவில் தரப்படுத்துகிற கிரசன்ட் ரேட்டிங் நிறுவனம் தொழுகை இடத்தையும் உணவையும் போலவே இதையும் ஒரு தேவையாக வைத்திருக்கிறது. எங்கள் நாட்டில் பெரும்பாலான இடங்களில் குழாய் உண்டு. பழைய பங்களாக்களை ஹோட்டலாக்கிய இடங்களில்தான் பிரச்சினை.

அடுத்து மதுச்சாலை. ஒரே கூரையின் கீழ் பார் உள்ள இடமா, சாப்பிடும் மண்டபத்திலேயே பரிமாறுகிறார்களா என்று கேளுங்கள். மது பரிமாறாத சிறிய விருந்தினர் விடுதிகளும், வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடும் குடும்பங்களும் நுவரெலியாவில் இருக்கின்றன. காதலும் அமைதியும் வேண்டுமென்று போகிறவர்களுக்குப் பெரிய ஹோட்டலைவிட அவை பல வகையில் மேல். அடையாள அட்டையோடு நிகாஹ் பதிவுச் சான்றிதழின் பிரதி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இளம் சோடிகளிடம் சில விடுதிகளில் கேட்கிறார்கள். கேட்பதை அவமானமாக எடுக்க வேண்டாம். கேட்காமல் மணித்தியாலக் கணக்கில் அறை கொடுக்கிற இடத்தைவிடக் கேட்கிற இடம் உங்கள் மனைவியைத் தங்கவைக்க நல்ல இடம்.

சாப்பாட்டு விடயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக நடந்த பிரசாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதுவரை ஜம்இய்யத்துல் உலமா செய்துவந்த சான்றிதழ்ப் பணியை அதற்குப் பிறகு எச்.ஏ.சி. என்று நாங்கள் சொல்லும் தனி நிறுவனம் பொறுப்பெடுத்தது. அந்தப் பிரச்சினையில் எங்கள் மக்கள் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்: பக்கற்றில் முத்திரையைத் தேடுவது. ஆனால் ஹோட்டலில் பக்கற் உங்கள் கண்ணுக்கு வராது. "ஹலால் சாப்பாடு இருக்கு" என்று வரவேற்பில் இருக்கும் பிள்ளை சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கோழியை ஹலால் கம்பனியிடம் வாங்குகிறோம் என்பதுதான் அவர் அர்த்தம். அதே கோழியை எந்தச் சட்டியில் பொரிக்கிறார்கள்? காலையில் பேக்கன் போட்ட அதே எண்ணெயிலா முட்டை வருகிறது? இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நிதானமாக, சிரித்த முகத்தோடு கேட்டால் பெரும்பாலானோர் உண்மையைச் சொல்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். விடுதிகளிலும் கடைகளிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளிடம் தமிழிலேயே விபரமாகக் கேட்கலாம். "தங்கச்சி, பன்றி சமைக்கிற குசினியா இது?" என்று என் மனைவி கேட்டபோது, அந்தப் பிள்ளை உள்ளே போய்ச் சமையல்காரரிடமே கேட்டு வந்து, "வேணாம்க்கா, நீங்க டவுனுக்குப் போயி சாப்பிடுங்க" என்று சொன்னது. அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் நல்லதைக் கொடுக்கட்டும்.

நகரில் ஜும்ஆப் பள்ளிவாசலும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. ஆகவே அறையை மட்டும் பதிந்துகொண்டு, சாப்பாட்டை வெளியே பார்த்துக்கொள்வது பாதுகாப்பு, காசும் மிச்சம். சந்தேகமான இடத்தில் மாட்டிக்கொண்டால் மரக்கறிச் சோறு, பழம், பாண், முட்டை அவித்தது. மலைநாட்டு மரக்கறியின் ருசிக்கு அது ஒன்றும் தியாகமல்ல. கேக், புடிங் வகையில் கவனம் தேவை. ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று தெரியாத ஜெலி, மார்ஷ்மெலோ, றம் அல்லது பிராந்தி ஊற்றிய கேக் எல்லாம் சுற்றுலா ஊர்களில் சாதாரணம். ஸ்ட்ரோபெரியைப் பழமாகவே வாங்கிச் சாப்பிடுங்கள்.

தொழுகைக்கு வருவோம். மூதூர், சம்பூர்ப் பகுதியிலிருந்து நுவரெலியா சுமார் 250 கிலோமீற்றர். ஷாபிஈ மத்ஹபின்படி கஸ்ருக்குரிய தூரம் 80 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டியதுதான், ஆகவே இது தாராளமாகப் பயணத்தில் அடங்கும். ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு லுஹர், அஸர், இஷா மூன்றையும் இரண்டிரண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஸுபஹும் மஃரிபும் சுருங்காது. போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்கும் நிய்யத் இல்லாதவரை, அறையில் தங்கியிருக்கும்போதும் இந்தச் சலுகை உண்டு. ஆகவே இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்குக் கவலையில்லை. பள்ளிவாசலில் உள்ளூர் இமாமின் பின்னால் தொழுதால் நான்காகவே பூர்த்தியாக்க வேண்டும். கிப்லா எங்கள் நாட்டில் மேற்கிலிருந்து சற்று வடக்காக. மூடுபனியில் சூரியன் தெரியாது, போனில் பார்த்து அறைக்குப் போனதும் முதல் வேலையாகத் திசையைக் குறித்துவையுங்கள். இன்னொன்று: ஊரில் ஐந்து நேரமும் பள்ளிக்கு ஓடுகிற கணவருக்கு மனைவியோடு ஜமாஅத்தாகத் தொழக் கிடைப்பது அரிது. அந்த இரண்டு நாளும் அறையில் இருவருமாகத் தொழுது பாருங்கள்.

பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருகோணமலைக்குப் போய்க் கண்டி பஸ் எடுக்கலாம். சொந்த வாகனம் என்றால் அல்லை–கந்தளாய் வீதியால் கந்தளாய்க்கு ஏறி, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, அக்குறணை, கண்டி. கண்டியில் இறங்கி மீரா மக்காம் பள்ளியில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறினால் பின்னேரம் நுவரெலியா. கம்பளையில் முஸ்லிம் கடைகள் நிறைய, இரவுச் சாப்பாட்டை அங்கேயே கட்டி எடுத்துக்கொள்ளலாம். கண்டியிலிருந்து நானுஓயா வரை ரயிலில் போவது இன்னும் அழகு. நானுஓயாவிலிருந்து நகரம் 8 கிலோமீற்றரளவில். ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளையும் ரயில் பாதையையும் பிய்த்துப்போட்டதை நாம் கண்டோம். எந்த மாதத்தில் போனாலும் புறப்படும் முன் விடுதிக்காரரிடமும் ரயில் நிலையத்திலும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். றம்பொடைப் பக்கம் மழையில் இரவுப் பயணம் வேண்டாம்.

கண்டியிலேயே ஏரி இருக்கிறதே, அவ்வளவு தூரம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. கண்டி ஏரி கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டியது, அழகானதுதான். ஆனால் அதைச் சுற்றி நாள் முழுக்க வாகனம். இரண்டு பேர் பேசிக்கொண்டு நடக்க நுவரெலியாவின் கிரகரி வாவிதான் வசதி. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் கட்டியது. விடுமுறை நாளில் அங்கேயும் கூட்டமும் ஒலிபெருக்கியும் இருக்கும். கிழமை நாளில், காலை எட்டு மணிக்குப் போனால் ஏரியில் மூடுபனி விலகுவதையும் குதிரைகள் புல் மேய்வதையும் பார்த்துக்கொண்டு நடக்கலாம். அன்னம் போல் செய்த மிதிபடகில் இருவராகப் போகலாம். முதன்முதலாகத் தண்ணீரில் கணவனோடு தனியாகப் போகும் பெண் சிரிக்கிற சிரிப்புக்கு அந்தப் படகுக் கூலி ஒன்றும் பெரிதல்ல. நாங்கள் கடற்கரைக்காரர், படகில் என்ன இருக்கிறது என்று ஆண்கள் கேட்பார்கள். எங்கள் பெண்களில் எத்தனை பேரைக் கொட்டியாரக் குடாவில் உல்லாசமாகப் படகில் ஏற்றியிருக்கிறோம்?

ஹக்கலைப் பூங்கா, விக்டோரியாப் பூங்கா, தேயிலைத் தொழிற்சாலை ஒன்று. ஹோட்டன் சமவெளிக்குப் போவதென்றால் ஸுபஹ் தொழுததும் புறப்பட வேண்டும், வெயில் ஏறினால் உலக முடிவை மூடுபனி மூடிவிடும். எல்லாவற்றையும் இரண்டு நாளில் பார்க்க ஓட வேண்டாம். ஒரு பின்னேரத்தை எதுவும் செய்யாமல் அறை ஜன்னலடியில் தேநீரோடு இருக்க ஒதுக்குங்கள். இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர், காதை மூடத் தொப்பி, அவளுக்குத் தடித்த சால்வை. இல்லாவிட்டால் நகரில் பேல் பஜார் என்று உடுப்புக் கடை வரிசை இருக்கிறது, பேரம் பேசி வாங்கலாம்.

போன் பற்றி ஒரு வார்த்தை. அறையிலும் ஏரிக்கரையிலும் மனைவியைப் படம் பிடித்து அந்த நிமிடமே பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவளுடைய அழகு ஊருக்குக் காட்டுவதற்கல்ல. வீடு பூட்டிக் கிடக்கிறது என்று கள்ளனுக்குச் சொல்வதும் அதுதான். படம் எடுங்கள், உங்களோடு வைத்திருங்கள். குடும்பக் குழுமத்தையும் இரண்டு நாள் மௌனமாக்கிவிடுங்கள். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை வீட்டுக்குப் பேசினால் போதும்.

பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பதுதான் இறுதியில் எல்லோரும் கேட்கும் கேள்வி. பால் குடிக்கும் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டே போங்கள், தூக்குகிற வேலையைக் கணவர் செய்யட்டும். வளர்ந்த பிள்ளைகளை உம்மாவிடமோ மாமியிடமோ விடலாம். ஆனால் அதை மனைவி கேட்கக் கூடாது, நீங்கள் கேட்க வேண்டும். "உம்மா, இவ களைச்சுப் போயிருக்கா, ரெண்டு நாள் கூட்டிட்டுப் போய் வாறன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்க" என்று மகன் வாயால் வந்தால் அநேகமான உம்மாமார் மறுப்பதில்லை. மருமகள் கேட்டால் அது வேறு கதையாகிவிடும். நேரம் கிடைத்தால் அடுத்த மாதம் வாப்பாவையும் உம்மாவையும் தனியாக அனுப்பிப் பாருங்கள். முதலில் வெட்கப்படுவார்கள், பிறகு எந்த உடுப்புக் கொண்டுபோவதென்று அவர்களே கேட்பார்கள்.

திரும்பி வரும்போது நுவரெலியாச் சந்தையில் லீக்ஸ், கரட், பீட்ரூட் வாங்கி வாருங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவருக்கு ஒரு பங்கு, பக்கத்து வீட்டுக்கு ஒரு பங்கு. அன்று இரவுச் சாப்பாட்டைக் கடையில் எடுங்கள். வந்து இறங்கிய கையோடு அவளை அடுப்படிக்கு அனுப்ப வேண்டாம்.